உங்களுக்குத் தெரியுமா? கொய்னா குடித்த ரத்தம்

மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போதே மலேரியா மருந்தான கொய்னாவும் கொடுப்பார்கள். அப்பால் போய்த் துப்பிவிடக் கூடாதென்று கண்முன்னே விழுங்கவைப்பதும் உண்டு. அந்தக் கசப்பு உள்ளே போய் என்னதான் செய்தது?

● மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அதிலுள்ள இரும்புப் பகுதி மட்டும் அதற்கு நஞ்சு. அதைக் கரும்படிகமாக இறுக்கி ஓரங்கட்டிவிடும். கொய்னாவும் அதன் பின்வந்த குளோரோகுவினும் அப்படி இறுகவிடாமல் தடுக்கின்றன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். தின்ற தீனியின் கழிவே கிருமிக்கு எமன்.

● ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமும் வரக் காரணம் உண்டு. வைவாக்ஸ் வகைக் கிருமிகள் ஏறத்தாழ 48 மணிநேரத்துக்கு ஒருமுறை அணுக்களை ஒருசேர உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

● பழுதான சிவப்பணுக்களை வடிகட்டுவது மண்ணீரல். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கி இடது விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். காய்ச்சல்கட்டி என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 1901-இல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே எந்தத் தோட்டத்தில் எவ்வளவு மலேரியா என்று கணக்கிட்டார். போதாததற்குக் கொக்கிப்புழு வேறு தொழிலாளரின் ரத்தத்தை உறிஞ்சியது. பால்மரம் வெட்டுகிறவன் சோம்பேறி என்று சொன்ன துரைமாரில், அவன் உடம்பில் ரத்தமே இல்லை என்பதை எத்தனை பேர் நினைத்தார்களோ!

● கோலகங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டது 1877-இல். பிறகு மலைச்சரிவுகளிலும் காட்டை அழித்து ரப்பர் போட்டார்கள். நிழல் போய் வெயில் விழுந்த ஓடைகளில் அனோபிலிஸ் மாகுலேட்டஸ் கொசு பெருகியது. கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டி வடிகால் போட்டால் மலேரியா குறையும். மலையில் காட்டை வெட்டினால் கூடும். இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கண்டு சொன்னவரும் வாட்சன்தான்.

● கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்துக்குச் சில நொடிகளில் சாயமேற்றிக் கிருமியைக் காட்டும் 'ஃபீல்டு சாயம்' பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. அதை உருவாக்கிய ஜே. டபிள்யூ. ஃபீல்டு வேலை பார்த்தது கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில். அந்தச் சாயம் 1940களின் தொடக்கத்தில் வந்தது. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாவது இடம் தரலாம்.

● கொய்னாவை விட்டு விட்டு அரைகுறையாகச் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீர் கறுத்து இறங்கியது. சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்து ஹீமோகுளோபின் சிறுநீரில் கலந்ததுதான் அந்தக் கறுப்பு. சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களும் உண்டு.

● கல்லீரலில் ஒளிந்திருக்கும் வைவாக்ஸ் கிருமியை அழிக்கப் பிரிமாகுவின் வேண்டும். ஆனால் சிலருக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அவர்கள் உடம்பில் ஜி6பிடி என்னும் நொதி குறைவு என்பதை 1956-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து வரும் இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் பாதிக்கும். வேடிக்கை என்னவென்றால், இதே குறைபாடு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்பாற்றும். அதனால்தான் மலேரியா இருந்த நாடுகளில் இது அதிகம். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் காச்சாங் பாராங் (ஃபாவா அவரை) கொறிக்கக் கூடாது. பாட்டி பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை, எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும், அந்தக் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது.

● கடுமையான மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிசுனேட் ஊசி. மருந்து பட்டுச் செத்த கிருமியை மட்டும், பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுப்பதுபோல, மண்ணீரல் பிடுங்கிவிட்டு அணுவைத் திரும்ப ரத்தத்தில் விடுகிறது. அப்படித் திரும்பிய அணுக்களுக்கு ஆயுள் குறைவு. காய்ச்சல் தீர்ந்து ஓரிரு வாரம் கழித்து அவை உடைந்து ரத்தம் குறையலாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ரத்தம் பார்க்க வரச் சொல்வது இதற்காகத்தான்; போகாமல் இருந்துவிடாதீர்கள்.

● மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கடத்தும் மலேரியா, உள்ளூர்த் தொற்றாக மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா போகவில்லை. காட்டில் மனிதருக்கு இயல்பாகத் தொற்றியதாக முதலில் உறுதியானது 1965-இல், பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கருக்கு. இந்தக் கிருமி 24 மணிநேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதனால் நாள் கடந்தால் நிலைமை வேகமாக மோசமாகும். ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் ரத்தத் தட்டணுக்களும் குறையும். தட்டணு குறைந்ததும் நம் நினைவுக்கு முதலில் வருவது டெங்கிதானே? அங்கேதான் ஆபத்து. ஆகவே சுங்கை சிப்புட் பக்கம் டுரியான் தோப்பிலோ, காட்டோரச் செம்பனைத் தோட்டத்திலோ அண்மையில் தங்கியிருந்து, இப்போது காய்ச்சலோடு ஈப்போ கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால், டாக்டர் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். டெங்கிச் சோதனையோடு மலேரியாவுக்கும் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.