உங்களுக்குத் தெரியுமா? நிக்கலைப் பெயர்த்தெடுக்கும் கரி இழை

இயற்கை எரிவாயுவை நம்பி இயங்கும் உர ஆலைகளில், யூரியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பிறப்பது நிக்கல் துகள்களின் மேல்தான்!

உலைக்குள் நிற்கும் நீண்ட குழாய்களில் துளையிட்ட பீங்கான் வில்லைகளை நிரப்பியிருப்பார்கள். அவற்றின் நுண்துளைகளெங்கும் நிக்கல் ஒட்டியிருக்கும். சுமார் 800 டிகிரி செல்சியஸில் மீத்தேனும் நீராவியும் அதில் பட்டதும், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த சின்கேஸ் வெளிவரும். நுண்துளை எதற்கு? நிக்கல் பொடிப்பொடியாகப் பரவி நின்றால்தான் வாயு படும் பரப்பு கூடும்.

கந்தகம் பட்டால் நிக்கல் செயலிழந்துவிடும். அதனால் எரிவாயுவிலிருந்து அதை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள்.

நீராவி குறைந்தாலோ கரி படியும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அது வியப்பூட்டும் காட்சி: தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய கரி இழை வளர்ந்து, நிக்கல் துகளையே பெயர்த்துத் தன் நுனியில் தூக்கி நிற்கும். இழைகள் பெருகினால் வில்லை நொறுங்கும், குழாயும் அடைபடும்.