இரட்டிப்பில் கரையும் பணம்
தோற்றால் இரு மடங்கு கட்டு என்பது ரூலெட் ஆட்டக்காரர்களின் பழைய வேதம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களுக்குள் நுழையக் கோவாவாசிகளுக்கு 2020 முதல் அனுமதி இல்லை. ஆகவே அங்கே பணத்தை விடுபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பலர் கையில் ஒரு 'சிஸ்டம்' இருக்கும். கேசினோக்களில் ரூலெட் சக்கரத்தின் அருகே கடைசியாக வந்த எண்களைக் காட்டும் மின்பலகை இருப்பது வழக்கம். சிவப்பு தொடர்ந்து ஐந்து முறை வந்தால் கறுப்புக்குப் பணம் குவிகிறது. சூதாட்ட விடுதி தன் சொந்தச் செலவில் எதற்காக இந்தத் தகவலைத் தருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சிஸ்டங்களில் மூத்தது 'மார்ட்டிங்கேல்'. கறுப்பில் 100 ரூபாய் கட்டு. தோற்றால் 200, பிறகு 400, 800. எப்போதாவது கறுப்பு வந்தே தீரும். அப்போது விட்டதெல்லாம் திரும்பி வந்து 100 ரூபாய் லாபமும் நிற்கும். கேட்கும்போது ஓட்டையே இல்லாதது போலத்தான் தோன்றும்.

ஓட்டை மேசையின் உச்சவரம்பில் இருக்கிறது. ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது பந்தயம் 6,400 ரூபாய். அதுவும் போனால் எட்டாவதாக 12,800 கட்ட மேசை அனுமதிக்காது. அதற்குள் போனது 12,700 ரூபாய். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் தொடர்ந்து ஏழு முறை தோற்பதற்கான வாய்ப்பு சுமார் 106இல் ஒன்று. அதாவது சராசரியாக 105 முறை நூறு நூறாகச் சேரும் 10,500 ரூபாயை ஒரே ஒரு சறுக்கல் விழுங்கி, மேலும் 2,200 ரூபாயைப் பிடுங்கிக்கொள்ளும். சூதாடிகள் ஒன்று பெற்று நூறு இழப்பவர்கள் என்று கணக்குச் சொன்னார் வள்ளுவர். இங்கே ஒன்றுக்கு 127.

உச்சவரம்பே இல்லாவிட்டாலும், பூஜ்யம் இருக்கிறது. சக்கரத்தில் 18 சிவப்பு, 18 கறுப்பு, பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2.70 ரூபாய் விடுதிக்குப் போகிறது. இரட்டைப் பூஜ்யமும் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26 ரூபாய். தோற்றால் ஒரு படி ஏற்றி, ஜெயித்தால் ஒரு படி இறக்கும் 'தலம்பேர்' முறையும் பந்தயத்தின் அளவைத்தான் மாற்றுகிறது. இந்தக் கழிவை அல்ல. நஷ்டங்களை எந்த வரிசையில் கூட்டினாலும் லாபம் வராது.

பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதுதான் மனம் ஏற்க மறுக்கும் விஷயம். மான்டி கார்லோ கேசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்ததாகப் பதிவு. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் லட்சக்கணக்கான பிராங்குகளை இழந்தார்கள். இருபத்தாறாவது சுற்றிலும் சிவப்புக்கு இருந்த வாய்ப்பு முதல் சுற்றில் இருந்த அதே 37இல் 18தான்.

அதே மான்டி கார்லோவில் 1891இல் மேசைப் பணத்தையே காலி செய்து புகழ்பெற்ற ஆங்கிலேயர் சார்லஸ் வெல்ஸ், தன்னிடம் தப்பாத முறை இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். போலிக் கண்டுபிடிப்புகளைக் காட்டிப் பலரிடம் பணம் கறந்ததற்காக 1893இல் சிறைக்குப் போனார். முறை அவ்வளவு நிச்சயமென்றால் மோசடி எதற்கு?

நிஜமாகவே ஜெயித்தவர்கள் பந்தய வரிசையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார்கள். கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப்பும், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் 1961இல் உடம்பில் மறைத்து வைக்கும் சிறு கம்ப்யூட்டரோடு லாஸ் வேகாஸ் போனார்கள். பந்தின் வேகத்தைக் கால் கட்டைவிரலால் பதிவு செய்தால், அது எந்தப் பகுதியில் விழும் என்று காதில் ஒலி கேட்கும். கருவி வேலை செய்தது. காதுக்குப் போகும் மெல்லிய கம்பிதான் அடிக்கடி அறுந்தது. இத்தகைய கருவிகளை நெவாடா மாநிலம் 1985இல் சட்டம் போட்டுத் தடுத்தது. மார்ட்டிங்கேல் ஆடுபவரை அந்தச் சட்டம் தொடவில்லை.

கருவியே இல்லாமல் சாதித்தவர் ஸ்பெயினின் கொன்சாலோ கார்சியா பெலாயோ. 1990களில் மாட்ரிட் கேசினோவில் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைக் குடும்பத்தோடு குறித்து வைத்தார். லேசாகக் கோணலான சக்கரங்களில் சில எண்கள் கூடுதலாக விழுவதைக் கண்டு அவற்றிலேயே கட்டிப் பெரும் பணம் சேர்த்தார். விடுதி அவருக்குக் கதவைச் சாத்தியது. வழக்கு ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது.