ஃபர்ஸ்ட் வந்தவர் தோத்துட்டார்!

பாய்மரப் படகுப் பந்தயத்தின் ரிசல்ட்டையே புரட்டிப் போடும் ஒரு நம்பரின் கதை

ஒரு குட்டிக் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் எல்லாம் விழாது!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, நடுக்கடலில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் நடப்பதாகக் கற்பனை பண்ணிக்கோங்க. மொத்தம் மூன்றே படகுகள். முதலாவது 'ஃபார்ட்டி நைனர்'. இரண்டு பேர் கம்பியில் தொங்கிக்கொண்டே ஓட்டுவார்கள். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிற ராக்கெட் அது. இரண்டாவது 'லேசர்'. ஒற்றை ஆள் ஓட்டும் படகு, நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம். மூன்றாவது 'ஆப்டிமிஸ்ட்'. பதினைந்து வயது வரைக்குமான பசங்க ஓட்டுவது. பார்க்க அச்சு அசலாகக் குளியல் தொட்டி! நீளம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. நம்ம பந்தயத்தில் இதை ஓட்டுவது ஒரு ஸ்கூல் பொண்ணு.

மூன்றும் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒரே பாதை, ஒரே தூரம். ஃபார்ட்டி நைனர் 40 நிமிடத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. லேசர் 60 நிமிடம். பாவம், அந்தப் பொண்ணு 88 நிமிடம் கழித்து வந்து சேர்கிறாள். கரையில் முதல் இரண்டு பேரும் டீயே குடித்து முடித்துவிட்டார்கள்.

கோப்பை யாருக்கு?

அந்தப் பொண்ணுக்கு! இரண்டாவது லேசர். மின்னல் வேகத்தில் வந்த ஃபார்ட்டி நைனருக்குக் கடைசி இடம்.

'என்ன பாஸ், ஆட்டம் போங்கா?' என்று பொங்க வேண்டாம். இந்த மேட்டருக்குப் பெயர் 'ஹேண்டிகேப் ரேட்டிங்'. உலகம் முழுக்க படகு கிளப்புகளில் வாராவாரம் நடக்கிற சமாசாரம்தான்.

நம்பர் செய்யும் மேஜிக்

எல்லாரிடமும் ஒரே ரகப் படகு இருந்தால் பிரச்னையே இல்லை. முதலில் வந்தவர் ஜெயித்தவர். ஒலிம்பிக்கில் அப்படித்தான். சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோவுக்குப் போனாரே, ஞாபகம் இருக்கா? ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்-ல் இன்ஜினீயரிங் படித்தவர். அவர் ஓட்டிய 'லேசர் ரேடியல்' படகும், அவரோடு மோதியவர்களின் படகும் ஒரே அச்சில் வார்த்தவை. நம்ம வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் இப்படி ஒரே ரகப் படகுகளுக்கு நடுவில்தான்.

ஆனால், ஊர் கிளப்பில் ஒருவரிடம் லேசர் இருக்கும், இன்னொருவரிடம் பழைய என்டர்பிரைஸ் இருக்கும், மூன்றாமவர் தன் பிள்ளையின் ஆப்டிமிஸ்ட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார். ரகத்துக்கு ஒரு போட்டி வைத்தால் ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். எல்லாரையும் ஒரே பந்தயத்தில் இறக்க வேண்டும், அதே சமயம் நியாயமாகவும் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நம்பர்.

பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் 'போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்' முறையில் ஒவ்வொரு படகு ரகத்துக்கும் ஒரு எண் உண்டு. வேகமான படகுக்குச் சின்ன எண், மெதுவான படகுக்குப் பெரிய எண். ஃபார்ட்டி நைனருக்குச் சுமார் 700. லேசருக்குச் சுமார் 1100. ஆப்டிமிஸ்ட்டுக்குச் சுமார் 1640. அதாவது, லேசர் 1100 விநாடியில் போகும் தூரத்தைப் போக ஆப்டிமிஸ்ட்டுக்கு 1640 விநாடி ஆகும் என்று எதிர்பார்க்கலாம். அவ்வளவுதான் அர்த்தம்.

கால்குலேட்டரை எடுங்க!

பந்தயத்தில் எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் திருத்திய நேரம். நம்ம மூன்று படகுக்கும் போட்டுப் பார்க்கலாமா?

ஃபார்ட்டி நைனர்: 40 நிமிடம் என்பது 57 நிமிடம் 9 விநாடி ஆகிறது.
லேசர்: 60 நிமிடம் என்பது 54 நிமிடம் 33 விநாடி.
ஆப்டிமிஸ்ட்: 88 நிமிடம் என்பது 53 நிமிடம் 40 விநாடி.

ஆக, 53 விநாடி வித்தியாசத்தில் பொண்ணு வின்னர்!

இங்கே ஒரு விஷயத்தை நோட் பண்ணுங்க. சின்னப் பொண்ணு என்று பரிதாபப்பட்டு யாரும் அவளுக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அதே பந்தயத்தில் அவள் 90 நிமிடம் எடுத்திருந்தால், திருத்திய நேரத்தில் லேசரிடம் தோற்றிருப்பாள். 'இந்தப் படகை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் முடியும்' என்று அந்த எண் சொன்னதைவிட அவள் நன்றாக ஓட்டினாள். ஃபார்ட்டி நைனர்காரர்கள் தங்கள் படகால் முடிந்ததைவிடக் குறைவாக ஓட்டினார்கள். ரேட்டிங் அளப்பது படகை; ஆளை அல்ல. படகின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது நீங்கள் மட்டும்தான். தோற்றால் 'படகு சரியில்லை மச்சி' என்று சாக்குச் சொல்லவும் முடியாது!

பெரிய கடலில் பெரிய கணக்கு

பெரும் பணக்காரர்களின் படகுகளுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை 628 கடல் மைல் பந்தயம் கிளம்பும். 2023-ல் 'லாகனெக்ட்' என்ற 100 அடிப் படகு, கடைசி நிமிடத்தில் எதிராளியை முந்தி வெறும் 51 விநாடி வித்தியாசத்தில் முதலாவதாகக் கரை சேர்ந்தது. உலகமே வாய் பிளந்தது. ஆனால், ஒட்டுமொத்த வெற்றிக்கான டாட்டர்ஸால் கோப்பை 'அலைவ்' என்ற 66 அடிப் படகுக்குப் போனது. முதலில் வருவதற்கு ஒரு பெருமை, திருத்திய நேரத்தில் ஜெயிப்பதற்கு ஒரு பெருமை. அங்கே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பரிசு.

எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓடின படகுகளின் ரிசல்ட்டை வைத்துக் கணக்குப் போடுவது. போர்ட்ஸ்மவுத் முறை இதுதான். கிளப்புகள் தங்கள் ரிசல்ட்டை அனுப்ப, அதைப் பார்த்து எண்களைத் திருத்துகிறார்கள். இன்னொன்று, படகின் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாவற்றையும் டேப் பிடித்து அளப்பது.

அளவு என்று வந்துவிட்டால் நம்ம ஆளுங்க சும்மா இருப்பார்களா? 1970-களில் கோலோச்சிய 'ஐ.ஓ.ஆர்' என்ற அளவு விதி, படகை எந்தெந்த இடத்தில் அளக்கும் என்று வடிவமைப்பாளர்களுக்கு அத்துப்படி. அந்த இடங்களில் மட்டும் படகைப் புடைக்க வைத்தும் ஒடுக்கியும், ஏட்டில் மெதுவாகவும் கடலில் வேகமாகவும் போகிற படகுகளைக் கட்டினார்கள். கொஸ்டின் பேப்பர் பேட்டர்ன் தெரிந்துபோனால் அதற்கு மட்டும் படிப்போமே, அதே டெக்னிக்! இப்போது கடல் பந்தயங்களில் புழங்கும் 'ஐ.ஆர்.சி' முறையின் சூத்திரத்தை வெளியிடுவதே இல்லை. தெரிந்தால்தானே ஏமாற்ற முடியும்?

நம்ம பேரில் ஒரு பஞ்சாயத்து

இந்தக் கதையில் நம்ம கரைக்கும் ஒரு ரோல் இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டி, பாய் விரித்துக் கடலுக்குப் போன கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆனது. பேர் மட்டும்தான் போனது. மேற்கே அந்தப் பேரைத் தாங்கியவை இரண்டு உடல்களை இணைத்துச் செய்த வேறு வகைப் படகுகள்.

1876-ல் அமெரிக்காவின் நதானியேல் ஹெரஷாஃப் அப்படி ஒரு இரட்டைப் படகைக் கட்டினார். பெயர் 'அமரில்லிஸ்'. நியூயார்க் பந்தயத்தில் இறக்கி, மற்றப் படகுகளைக் கதறவிட்டார். தோற்றவர்கள் உடனே புகார் கொடுத்தார்கள். 'இது படகே இல்லை' என்கிற ரேஞ்சுக்குப் பேச்சு போய், கடைசியில் அமரில்லிஸைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்க. ரொம்ப வேகமான ஒரு படகு வந்து நிற்கிறது. அதை என்ன செய்யலாம்? வெளியே தள்ளலாம். அல்லது, அதற்குச் சரியான எண்ணைக் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். 1876-ல் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கு கேட்டமரன்களுக்கென்றே தனி ரேட்டிங் முறை இருக்கிறது.

கட்டுமரத்துக்கு என்ன நம்பர்?

சரி, அசல் கட்டுமரத்துக்கு எண் கொடுப்பது எப்படி? போர்ட்ஸ்மவுத் பட்டியலில் அது கிடையாது. நாமே கொடுத்துப் பார்க்கலாம். பாய் கட்டிய ஒரு கட்டுமரத்தை லேசரோடு ஓட விடுங்க. லேசர் 60 நிமிடம், கட்டுமரம் 80 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 1100-ஐ 80-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 1467. முடிஞ்சுதா வேலை?

முடியலை. லேசரை ஓட்டினவர் போன வாரம்தான் கிளப்பில் சேர்ந்தவர், கட்டுமரத்தை ஓட்டினவர் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகும் கோவளத்து மீனவர் என்றால்? அலை எங்கே உடையும், காற்று எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய அனுபவமும் கட்டுமரத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அதே எண்ணோடு நீங்களும் நானும் அந்தக் கட்டுமரத்தில் ஏறினால் ஜென்மத்துக்கும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் ஒரு ஆளை, ஒரு பந்தயத்தை வைத்து எண் கொடுக்கக் கூடாது. பல பேர் ஓட்ட வேண்டும், பல நாள் ஓட்ட வேண்டும்.

பல காற்றிலும் ஓட்ட வேண்டும். வாடை அடிக்கும் மார்கழிக் கடல் வேறு, மதியம் கடல்காற்று கிளம்பும் வைகாசிக் கடல் வேறு. காற்று செத்துக்கிடக்கும் நாளில் ஃபார்ட்டி நைனர் பறக்காது, மிதக்கும். ஆனாலும் அதன் எண் அதே 700-தான். சராசரி எண்ணில் இருக்கும் ஓட்டை இது. அமெரிக்காவில் இதே முறையைக் கொஞ்சம் மாற்றி, காற்றின் வேகத்துக்கு ஏற்ப வேறு வேறு எண் வைத்தார்கள். பிரிட்டனிலும் உள்ளூர் நிலவரத்துக்கு ஏற்ப கிளப்புகள் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். எண்ணை யாரும் கல்வெட்டாக்கவில்லை. தப்பு தெரிந்தால் மாற்றுகிறார்கள்.

ரேட்டிங் எவ்வளவு தூரம் சொல்லும் என்பதற்கு மாமல்லபுரமே ஒரு சாட்சி. 2022-ல் அங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, ரேட்டிங்படி அமெரிக்காதான் முதல் இடத்து அணி. முடிவில் ஐந்தாவது. தங்கம் வாங்கியது 14-வது இடத்தில் இருந்த உஸ்பெகிஸ்தான். குகேஷ் ஆடிய நம் 'பி' டீமுக்கு ரேட்டிங் கொடுத்த இடம் 11. பசங்க வெண்கலத்தோடு வந்தார்கள். எண் ஓர் எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். ரிசல்ட்டை எழுதுவது ஆடுகிறவர்கள்.

உங்க படகு எது?

'நான் கடல் பக்கமே போனதில்லை, எனக்கு எதுக்கு இது?' என்கிறீர்களா? நீங்கள் கவுன்சலிங்கில் சீட் வாங்கி இன்ஜினீயரிங் சேர்ந்தவர் என்றால், உங்களுக்கே ஒரு திருத்திய நேரம் போட்டிருக்கிறார்கள் பாஸ்! தமிழ்நாட்டின் 2006-ம் வருடச் சட்டப்படி, வேறு வேறு போர்டில் படித்தவர்களின் மார்க்கைச் சமன் செய்துதான் ரேங்க் போட வேண்டும். உதாரணமாக, ஸ்டேட் போர்டில் பிசிக்ஸ் டாப் மார்க் 100, வேறொரு போர்டில் டாப் மார்க் 90 என்றால், அந்த போர்டில் 60 எடுத்தவருக்கு 66.67 என்று கணக்கு. அச்சு அசல் ஹேண்டிகேப்!

ஆனால், அந்தக் கணக்கு திருத்துவது போர்டை மட்டும்தான். ஒரே போர்டிலேயே ஒருவர் ஏ.சி. வகுப்பு, டியூஷன், டெஸ்ட் பேட்ச் என்று ஃபார்ட்டி நைனரில் வந்திருப்பார். இன்னொருவர் பிசிக்ஸ் டீச்சரே இல்லாத பள்ளியில் படித்து ஆப்டிமிஸ்ட்டில் வந்திருப்பார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் இன்ஜினீயரிங்கிலும் வந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு அந்த இடத்தைத் தொட்டது. அது மார்க்கைத் திருத்தும் கணக்கு இல்லை, இடம் ஒதுக்குவது. வழி வேறு. ஆனால், எந்தப் படகில் வந்தாய் என்று கேட்பது அதுவும்தான்.

எந்த எண் சரி, எவ்வளவு சரி என்று தாராளமாகச் சண்டை போடலாம். படகு கிளப்புகளிலும் பந்தயம் முடிந்த கையோடு அந்தச் சண்டைதான் ஓடும். படகுகள் வேறு வேறு என்பதையே மறுத்துவிட்டுப் பேசினால்தான் சிக்கல்.

அதனால, அடுத்த முறை ரேங்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு பக்கத்து பெஞ்ச்காரரை 'கன்செஷன்ல வந்தவன்' என்று சொல்ல வாய் வந்தால், ஒரு நிமிஷம். உங்க படகோட நம்பர் என்னன்னு முதல்ல பாருங்க!