லேபிளும் ஒரு சொத்துதான்

போன தை மாசம் ஒரு வாடிக்கையாளர் அம்மா போன் செய்தார். "என்ன சார், உங்க நல்லெண்ணெய் முன்ன மாதிரி இல்லையே, காறலா இருக்கே?" என்றார். அவருக்கு நான் எண்ணெய் அனுப்பியே மூணு மாசம் ஆகிறது. பாட்டிலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதே மஞ்சள் லேபிள், அதே செக்கு, அதே காளை. பெயரில் மட்டும் ஓர் எழுத்து வேறு. பக்கத்து டவுன் வியாபாரி ஒருவரின் சரக்கு.

நேரில் போய்க் கேட்டேன். "உங்க பேரு பதிவாகியிருக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டார். ஆகவில்லை. ஆறு வருஷமாக விற்கிறோம், அந்த வேலையை மட்டும் செய்யவில்லை.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. பதிவு செய்த சின்னத்தை ஒருத்தர் காப்பியடித்தால் அது 'மீறல்'. பதிவுச் சான்றிதழே நம் பலம். பதிவே இல்லாவிட்டாலும், தன் சரக்கை நம் சரக்கு மாதிரி காட்டி விற்றால் அதற்கு 'பாஸிங் ஆஃப்' என்று பெயர். 27ஆம் பிரிவு அந்த உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் மூன்றை நாம் நிரூபிக்கணும்: சந்தையில் நமக்குப் பெயர் இருக்கிறது, எதிராளி செய்தது வாங்குபவரை ஏமாற்றும், அதனால் நமக்கு நஷ்டம்.

எது காப்பி என்று எப்படி முடிவு செய்வது? 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பார்லே பிஸ்கட் வழக்கைப் பாருங்கள். பார்லே குளுக்கோ உறையில் பண்ணை வீடு, ஒரு பெண், மாடு, கோழி. மைசூர் கம்பெனி ஒன்றின் உறையிலும் பெண், மாடு, கோழி. பெண் தலையில் வைக்கோல் கட்டு. கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் வேறுபாடு இருக்கிறது என்று பார்லே வழக்கைத் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடக்கூடாது. ஒன்றை முன்பு பார்த்தவர் இன்னொன்றைப் பார்க்கும்போது ஏமாறுவாரா என்பதே கேள்வி என்றது.

வங்கியில் நான் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே பழகியவன். கடைக்கு வருகிறவர் அப்படிச் செய்வதில்லை. மஞ்சள் லேபிள், காளை, அவ்வளவுதான் அவர் மனசில் நிற்கும்.

இன்னொன்று நம்ம ஊர் வழக்கு: திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. 1900இலிருந்து நடக்கும் கடை. வேறொருவர் அதே பெயரில் அல்வா விற்றார். என்னிடமும் பதிவு இருக்கிறது என்று வாதாடினார். 2015இல் உச்ச நீதிமன்றம், பதிவைவிட முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே பெரிது என்று தீர்ப்பளித்தது.

அதனால் நான் தேடியது எங்கள் பழைய பில் புத்தகங்களை. ஆறு வருஷத்து பில், லேபிள் அச்சடித்த ரசீது, சந்தையில் எடுத்த போட்டோ எல்லாம் தேதியோடு கிடைத்தன. வக்கீல் நோட்டீஸ் போனதும் வியாபாரி லேபிளை மாற்றிக்கொண்டார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

முதல் பில்லையும் முதல் லேபிளையும் ஃபைலில் வையுங்கள்.

'இயற்கை', 'மரச்செக்கு', 'பாரம்பரிய அரிசி' போன்ற பொதுச் சொற்களை மட்டும் பெயராக வைக்காதீர்கள். சரக்கின் தன்மையைச் சொல்லும் சொல்லை யாரும் தனக்கென்று எளிதில் பிடித்து வைக்க முடியாது.

பதிவு செய்யுங்கள். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. அரிசி, தேன், மசாலா 30. விதை, காய்கறி 31. பதிவு 10 வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கணும்.

பதிவாகும் முன்னால் வட்டத்துக்குள் 'ஆர்' போடாதீர்கள், அது குற்றம். 'டிஎம்' போடலாம்.

போன மாசம் எங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். காறல் எண்ணெய் என்று சொன்ன அந்த அம்மா மட்டும் இன்னும் திரும்ப வாங்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன்.