உறைக்குள் அரசியல் – 9: சாட்சி இல்லாத உறுதி

சென்ற கிழமை ஆங்கில எழுத்தாளர் கார்ப்பென்டரோடு நிறுத்தினோம். அருணாசலம் அவருக்குக் கொடுத்த கீதையும், பிறகு எழுதிய ஞானக் கடிதங்கள் 1927இல் நூலானதும் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கிழமை அருணாசலத்தின் அண்ணன் இராமநாதனின் 1915 கடதாசிகள் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கட்டை அவிழ்த்தும் விட்டேன். ஆனால் இடையில் வேறொரு கடிதம் கையில் வந்து, மூன்று நாளாக மற்ற எதையும் படிக்க விடவில்லை.

1918 டிசம்பர் 7, சனிக்கிழமை. சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் கையெழுத்திட்டு சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு எழுதியது. சாரம் இவ்வளவுதான்: தொகுதிகள் பிரதேச அடிப்படையில் இருக்கும் வரை, மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை முனைந்து ஆதரிப்போம் என்று உறுதி தருகிறோம். யாழ்ப்பாணச் சங்கத்தார் பிரதேசத் தொகுதி என்றாலே தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களைச் சீர்திருத்த இயக்கத்துக்குள் கொண்டுவர இந்த உறுதி வேண்டியிருந்தது. அருணாசலம் அதை அந்தச் சங்கத்துச் சபாபதியிடம் அனுப்பிவைத்து, வடக்கில் 3, கிழக்கில் 2, மேற்கில் 1 என்று கணக்கும் சொல்லி எழுதினார்.

அதன் போட்டோ பிரதியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஐயா ஒருவர் இருக்கிறார். தொழில் பழகியது கொட்டாஞ்சேனையில். ஓய்வு பெற்றுப் பல காலம். அரசியல் பேசமாட்டார், ஆனால் எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் அவர் வாசிக்கும் முறையே தனி. முதலில் திகதி. பிறகு நேரே அடிக்குப் போய்க் கையெழுத்து. கடைசியில்தான் நடுவில் உள்ளது. இதையும் அப்படித்தான் வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதில சாட்சி ஆர்?"

"கடிதம்தானே ஐயா, உறுதி இல்லையே" என்றேன்.

"உறுதி தாறம் எண்டுதானே எழுதியிருக்கினம்?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். தமிழகத்தில் பத்திரம் என்பதை நாம் உறுதி என்கிறோம். காணி உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி. வாக்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் அவை இரண்டும் ஒன்றல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பேர்ச் காணியைக் கைமாற்றுவதென்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன் ஒப்பமிட வேண்டும், இரண்டு சாட்சிகள் கூடவே இருந்து ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்து செல்லாது. மூலப் பிரதி உரியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. ஒரு சொல்லை வெட்டினால்கூட, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எது வெட்டப்பட்டது என்று அடியில் நொத்தாரிசு எழுத வேண்டும். ஐயாவின் பழைய உறுதி ஒன்றில் 'உம்' என்ற ஒற்றை எழுத்துக்கூட்டு வெட்டப்பட்டதற்கு ஒன்றரை வரி எழுதியிருந்தார்.

அருணாசலம் யார்? இதே நாட்டின் பதிவாளர் நாயகமாக இருந்தவர். பிறப்பும் இறப்பும் விவாகமும் மட்டுமல்ல, காணி உறுதிகளின் பதிவும் அவர் திணைக்களத்தின் கீழ்தான். குழம்பிக் கிடந்த அந்தப் பதிவு வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1901 குடிசன மதிப்பீட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை எண்ணி அறிக்கை எழுதியவரும் அவர்தான். எழுத்தில் இல்லாதது எப்படி அழிந்துபோகும் என்பதை அவரளவு அறிந்தவர் அன்று கொழும்பில் மிகச் சிலரே. அந்த மனிதர் ஒரு சமூகத்தின் ஆசனத்துக்கு இரண்டு நண்பர்களின் கையெழுத்தைப் போதுமென்று எடுத்துக்கொண்டார். அதை ஏமாளித்தனம் என்று எழுத என்னால் முடியாது. ஒரே மேடையில் நின்றவர்களின் சொல்லுக்கு நொத்தாரிசு தேவையில்லை என்று அவர் நம்பினார். இந்தத் தொடரில் இதுவரை நான் வாசித்த கடிதங்களில் என்னை இவ்வளவு வருத்தியது வேறொன்றில்லை.

முதலில் எனக்கு ஐயம் அந்த 'வரை' என்ற சொல்லில்தான். ஐயாவும் அதில்தான் விரலை வைத்தார். கொட்டாஞ்சேனையில் அவர் பழகிய காலத்து வழக்கு ஒன்றைச் சொன்னார். பின்வளவுக்காரருக்கு நடைபாதை கொடுத்து எழுதிய உறுதி. கிணறு பாவனையில் இருக்கும் வரை பாதை உண்டு என்று வாசகம். குழாய்த் தண்ணீர் வந்தது, கிணற்றை மூடினார்கள், பாதையையும் அடைத்துவிட்டார்கள். "வரை எண்டு கண்டால் முதலில எது வரை எண்டு பார், தம்பி."

பார்த்தேன். அங்கேதான் நாங்கள் இருவருமே பிழைவிட்டோம். 1921 தேர்தலிலும் தொகுதிகள் பிரதேச அடிப்படையில்தான் இருந்தன. நிபந்தனை அப்படியே நின்றது. உறுதி கழன்றது வேறு இடத்தில்: யாரைக் கட்டும் என்ற இடத்தில். இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது 1919 டிசம்பர் 11இல், கடிதம் எழுதி ஓர் ஆண்டும் நான்கு நாளும் கழித்து. முதல் தலைவர் அருணாசலமேதான். காங்கிரஸுக்கு முன் எழுதிய கடிதம் காங்கிரஸைக் கட்டாது என்ற வாதம் பிறகு எழுந்தது. 1921இல் மேல் மாகாணத்துக் கொழும்பு நகர ஆசனத்தில் சட்டசபைக்குப் போனவர் ஜேம்ஸ் பீரிஸ், கடிதத்தில் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர். அருணாசலம் காங்கிரஸை விட்டு விலகினார். யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டே தமிழர் மகாஜன சபை கூடியது.

பீரிஸின் பக்கத்தையும் நான் யோசித்தேன். புதிய அமைப்பு ஒன்றுக்குள் ஆயிரம் பேரின் விருப்பம் இருக்கும், இருவரின் சொல் அங்கே செல்லாமல் போகலாம். போகட்டும். ஆனால் ஒப்பமிட்ட கை அந்த ஆசனத்தில் தானே அமர்ந்திருக்க வேண்டியதில்லை.

அருணாசலம் 1924 ஜனவரி 9இல், யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். அதே ஆண்டு அமைந்த 49 பேர் கொண்ட புதிய சட்டசபையில் மேல் மாகாணத் தமிழருக்கென்று ஓர் ஆசனம் இருந்தது. கடிதத்தில் சொன்ன அதே ஒன்று. தந்தது நண்பர்கள் அல்ல, ஆளுநர் மனிங் காலத்துச் சீர்திருத்தம். டொனமூர் அரசியலமைப்போடு 1931இல் அதுவும் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போயிருந்தேன். அருணாசலத்தின் தகப்பனார் பொன்னம்பல முதலியார் தொடங்கியது, அண்ணன் கருங்கல்லில் எடுப்பித்தது. தூண் ஒன்றில் சாய்ந்திருந்து பிரதியை மறுபடி விரித்தபோதுதான் கவனித்தேன். ஐயா அடியில் பென்சிலால் சின்னதாக 1, 2 என்று இலக்கமிட்டு, இரண்டு வெற்றுக் கோடுகள் இழுத்திருந்தார், சாட்சிகளுக்கு.

இராமநாதனின் 1915 கட்டு அவிழ்த்தபடி மேசையில் இருக்கிறது. அந்த ஆண்டுக் கலவரத்தையடுத்துச் சிங்களத் தலைவர்கள் சிறையில் கிடந்தபோது இந்த அண்ணன் அவர்களுக்காக இலண்டன் வரை போய் முறையிட்டார். அந்தக் கடதாசிகளை இந்தக் கடிதத்துக்குப் பிறகு படித்தால் வேறு மாதிரித் தெரியும் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை அதுதான்.

(தொடரும்)