மாத்திரை மிஞ்சினால் மனதை விசாரியுங்கள்

ஒரு மாதத்துக்கென்று வாங்கிய சர்க்கரை மாத்திரை, ஒன்றரை மாதம் ஆகியும் அட்டையில் மிச்சம் இருக்கிறது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, 10-ஐத் தாண்டி நிற்கிறது. ‘உடம்பு மேல அக்கறையே இல்லை’ என்று வீட்டில் ஏச்சு விழுகிறது. மருத்துவரும் கடிந்துகொண்டு மருந்தைக் கூட்டி எழுதுகிறார். இவ்வளவு நடந்தும் ‘மனசு எப்படி இருக்கு?’ என்று அந்த மனிதரிடம் யாரும் கேட்பதில்லை. மருந்தை அடிக்கடி தவறவிடும் சர்க்கரை நோயாளியிடம் ஏச்சுக்கு முன்னால் இந்தக் கேள்விதான் வர வேண்டும்.

அசதி என்ற பெயரில் வரும் சோர்வு

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருபவர் நம் ஊரில் குறைவு. ‘ஒரே அசதி, தூக்கம் வரலை, கைகாலெல்லாம் வலி, சாப்பாடு இறங்கலை’ என்றுதான் வருவார்கள். சர்க்கரை கூடினாலும் அசதி வரும். இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் தூக்கம் கெடும். நரம்பு பாதித்தால் கால் எரியும். அதனால் எல்லாத் தொல்லையையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இரண்டு கேள்விகள் இங்கே உதவும். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் வாடியே இருந்ததா? முன்பு பிடித்த வேலையில், பேச்சில், கோயில் குளத்துக்குப் போவதில் ஆர்வம் விட்டுப்போனதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அதற்கென்றே பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 27-இல் 10-க்குக் குறையாமல் மதிப்பெண் வந்தால், மருத்துவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். தைராய்டு குறைபாட்டையும், நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வரக்கூடிய வைட்டமின் பி12 குறைபாட்டையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது. இவையும் ஆளைச் சோர்வாக்கும்.

இரு பக்கமும் இழுக்கும் உறவு

நீண்ட துக்கம் சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதினார். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது இன்றைய மருத்துவத்தின் கணிப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 2001-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இவர்களில் சிறு பங்கினருக்கு மனச்சோர்வு இருந்தாலும் அது பல லட்சம் பேர்.

மருந்து எப்படி விடுபடுகிறது

மருந்து விடுபடுவதை வெறும் மறதி என்று நினைப்பது தவறு. மனச்சோர்வில் இருப்பவருக்கு நாளைய நாள் என்பதே மங்கிப்போகிறது. இருபது வருடம் கழித்துச் சிறுநீரகம் கெடாமல் இருக்க இன்று ஒரு மாத்திரை என்றால், அந்த இருபது வருடத்தில் நம்பிக்கை இருந்தால்தானே கை மாத்திரைக்கு நீளும்! கவனம் சிதறுவதால், காலையில் போட்டோமா இல்லையா என்பதும் குழம்புகிறது. சமைக்க மனம் இல்லாமல் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறார். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று பயந்து அதையும் விடுகிறார். அதன்பின் குற்ற உணர்வு. திட்டு விழும் என்று தெரிவதால் மருத்துவரிடம் போகும் தேதி தள்ளிப்போகிறது. 2008-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தவறவிடுவதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்புதான் மிக வலுவாகத் தெரிந்த தொடர்புகளில் ஒன்று.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தோன்றுவதில்லை. மாத்திரை சாப்பிடாததால் ஏறிய சர்க்கரையைப் பார்த்து, சாப்பிட்டும் ஏறியது என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு வீட்டில் யாராவது பக்கத்தில் நின்று அத்தனையையும் ஒழுங்காகக் கொடுத்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து ஆள் மயங்கலாம். அதனால் ‘பாதிதான் போட்டேன்’ என்று உண்மையைச் சொல்லும் நோயாளியைத் திட்டாமல் கேட்டுக்கொள்வதும் சிகிச்சைதான்.

நான்கு நகரங்கள் காட்டிய வழி

சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களின் சர்க்கரை மருத்துவ மையங்களில், மனச்சோர்வோடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது கட்டுப்படாமல் இருந்த 404 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2020-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் அது வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் துணை நின்றார். அவர் மருத்துவர் அல்லர். நோயாளியோடு தொடர்ந்து பேசி, மனநிலையையும் மருந்தையும் கவனித்து, மனநல மருத்துவரோடும் சர்க்கரை மருத்துவரோடும் கலந்தாலோசித்தார். இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் இந்தப் பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4.

இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு, மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்கச் சிறிது பயிற்சி கொடுத்தால் போதும். எத்தனையோ பேரின் சோர்வு வாசலிலேயே தெரிந்துவிடும்.

‘அந்த மாத்திரையா?’ என்ற தயக்கம்

சர்க்கரையோடு தினம் மல்லுக்கட்டுவதால் வரும் சலிப்புக்கு மனநல மாத்திரை தேவையில்லை. மனம்விட்டுப் பேசுவதும், உணவுக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் எளிதாக்குவதுமே பெரும்பாலும் கைகொடுக்கும். மனச்சோர்வு நோயாக இருந்தால் மனநல ஆலோசனை, மருந்து இரண்டுக்கும் பலன் உண்டு. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தக் கூடாது. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்றவை உடல் எடையைக் கூட்டலாம். ஃப்ளூவாக்சடின் சிலருக்குச் சர்க்கரையைக் குறைக்கலாம். ஆகவே இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘மாத்திரை போட்டியா?’ என்று தூரத்திலிருந்து கேட்பதைவிட, தண்ணீரோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வையுங்கள். மாலையில் கூடவே நடந்து போங்கள். நடை சர்க்கரையையும் குறைக்கும், மனதையும் லேசாக்கும்.

‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சு வந்தால் அதைச் சலிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. வருகிறது என்றால் அவரைத் தனியே விடாமல், இன்சுலினையும் மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுத்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. நாள் முழுவதும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.