வரிசையின் கடைசியில் என் அப்பா

ஷா ஆலம், செக்‌ஷன் 25 என்று சொன்னால் பலர் யோசிப்பார்கள். தாமான் ஸ்ரீ மூடா என்றால் உடனே, "ஓ, வெள்ளம் வந்த இடம்தானே?" என்பார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில், எங்கள் தாமானில் புதன் இரவும் ஞாயிறு காலையும் நடக்கும் கராத்தே வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வகுப்பு நடப்பது ஒரு பொது மண்டபத்தில். தரையில் பூப்பந்துக் கோடுகள் இருக்கும். சுவரில் யாரோ ஒட்டிய பிறந்தநாள் அலங்காரத்தின் மிச்சம் தொங்கும். முதல் நாள் அங்கே கல்யாண விருந்து நடந்திருந்தால், பாய் விரிப்பதற்கு முன் சோற்றுப் பருக்கைகளைக் கூட்டித் தள்ளுவதே எங்களுக்கு முதல் பயிற்சி. ஆறு வயதுப் பிள்ளையும் இருப்பார், வேலை ஓய்வு பெற்றவரும் இருப்பார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. நோன்பு மாதத்தில் இரவு வகுப்பு தள்ளிப்போகும். தைப்பூச வாரத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். பெல்ட் நிறம்தான் வரிசையை முடிவு செய்யும். கறுப்பு, பழுப்பு, நீலம், பச்சை என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் வெள்ளை. வயது, உயரம், வெளியில் என்ன வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மேலதிகாரியாக இருப்பவர் படிவம் 2 மாணவிக்குக் கீழே நிற்பார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் அப்பா வந்து நின்றபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

நான் பத்து வயதில் சேர்ந்தேன். அப்பா கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுபவர். வகுப்புக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே காருக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நான்கு வருடங்கள் இப்படியே போயின. இதற்கிடையில் கிளினிக்கில் இனிப்பு நீர் அளவு ஏறிவிட்டதாகச் சொல்லி, நடக்கச் சொன்னார்கள். அவர் நடக்கவில்லை. 2018இல் ஒரு நாள் எங்கள் சென்சே, அதாவது பயிற்றுநர், காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, இங்க உக்காந்து கொசுக்கடி வாங்குறதுக்கு உள்ள வந்து நில்லுங்களேன்."

அடுத்த வாரம் அப்பா நின்றார். வயது 45, தொப்பையைச் சுற்றிக் கட்ட முடியாத புது வெள்ளை பெல்ட். பக்கத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன். "அங்கிள், முடிச்சு இப்படி இல்ல" என்று சொல்லி அவனே கட்டிவிட்டான்.

அன்று நான் பச்சை பெல்ட். இருவர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சியில், மாறி மாறி வந்து அப்பா என் முன் நின்றார். கீழ்ப் பெல்ட் முதலில் குனிந்து வணங்க வேண்டும். அவர் குனிந்தார். தீபாவளிக் காலையில் நாங்கள் அவர் காலில் விழுந்து ஆசி வாங்கும் வீடு எங்களுடையது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "வணக்கத்தைத் திருப்பிச் செய்!" என்று சென்சே அதட்டிய பிறகுதான் குனிந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், டோல் தாண்டியதும் அப்பா கேட்டார்: "முன்கால எவ்வளவு மடக்கணும்? சொல்லிக் குடு." அதுவரை அவர் என்னிடம் எதையும் கற்றுக்கொடு என்று கேட்டதில்லை.

கராத்தேயின் பிறப்பிடம் ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவுகள். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எளிதாக்கிப் பாடமாக்கியவர் அங்கோ இத்தோசு. 1900களின் தொடக்கத்தில் அவர் முயற்சியால் அது ஒக்கினாவாவின் பள்ளிகளுக்குள் போனது. அவரிடம் கற்ற கிச்சின் ஃபுனாகோஷி பள்ளி ஆசிரியர். 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, பிறகு அங்கேயே தங்கிப் பரப்பினார். இன்று ஷோட்டோகான் என்று நாம் அறியும் பாணி அவர் வழி வந்தது. அதாவது, பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து வளர்த்த கலை இது. இருட்டுக் குகையில் முனிவர் காதில் ஓதியதைப் போன்ற கதைகள் சினிமாவுக்கு நன்றாக இருக்கும்.

சினிமா என்றதும், எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, கராத்தே நம்ம ஆளு போதிதர்மர் கண்டுபிடிச்சதுதானே?" 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்தைப் பார்த்த பெற்றோரின் பிள்ளைகள் இவர்கள். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்று பழைய சீன மரபே சொல்கிறது. ஆனால், ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தார் என்ற செய்தி அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து பரவியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. இதைச் சொல்லும்போது சின்ன முகங்கள் வாடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நமக்குச் சிலம்பம் இருக்கிறது, அது போதாதா என்று கேட்டு வைப்பேன்.

கறுப்பு பெல்ட்டின் கதையும் அப்படித்தான். அழுக்கேறி வெள்ளை பெல்ட் கறுப்பானது என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். உண்மையில் இந்தத் தரமுறையை முதலில் ஏற்படுத்தியவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. கராத்தேயில் ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலாக அந்தத் தரத்தை வழங்கியது 1924இல். நூறு ஆண்டு வழக்கம், அவ்வளவுதான்.

பயிற்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி சலிப்பாக இருக்கும். ஒரே குத்து, ஒரே தடுப்பு, மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எண்ணிக்கை ஜப்பானிய மொழியில்: இச்சி, நி, சான், ஷி, கோ. சென்சே "நி!" என்று கத்தும்போது புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளை, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து முன்னால் வந்துவிடும். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் யாருக்கும் தாய்மொழி அல்லாத மொழியில் எண்ணுவதில் ஒரு வசதி இருக்கிறது: எல்லாரும் சமமாகத் தடுமாறலாம்.

குத்தும்போது ஒரு கை முன்னே போக, மறு கை இடுப்புக்கு வேகமாகத் திரும்ப வேண்டும். ஏன் என்று அப்பா கேட்டார். இடுப்பு திரும்புவதிலிருந்துதான் குத்துக்குப் பலம். ஒரு பக்கம் பின்னே இழுத்தால் மறு பக்கம் முன்னே போகும். "லோரி ஸ்டீரிங்கைத் திருப்புற மாதிரி" என்றார் அவர். படிவம் 4 இயற்பியலில் எனக்குப் புரியாதது அந்த ஸ்டீரிங்கில் புரிந்தது.

போட்டிச் சண்டையைப் பற்றி வெளியே தவறான எண்ணம் உண்டு. உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கு 3. ஆனால், அளவு மீறி அடித்தால் அடித்தவருக்குத்தான் தண்டனை. முகத்துக்குப் போகும் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். எங்கள் பையன்கள் அதிகம் தோற்பது பலவீனத்தால் அல்ல, நிறுத்தத் தெரியாததால்தான். அந்த விதி எனக்குப் பிடிக்கும். அடிபடாமலே வலிக்கிறது என்று நடித்தாலும் தண்டனை உண்டு என்பது அதைவிடப் பிடிக்கும்.

தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே ஒரே ஒருமுறை இடம்பெற்றது. ஆண்கள் காத்தா பிரிவில் தங்கம் வென்ற ரியோ கியூனா ஒக்கினாவாக்காரர். அந்தத் தீவிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள். பாரிஸில் கராத்தேயைச் சேர்க்கவில்லை. எங்கள் வகுப்பில் சிலர் மனமுடைந்தார்கள். மற்றவர்கள் புதன்கிழமை வழக்கம்போல் வந்தார்கள். நம் நாட்டைப் பொறுத்தவரை, போட்டியாளராகவும் பிறகு தேசியப் பயிற்றுநராகவும் இருந்த பி. அறிவழகன் தொடங்கி, தேசிய அணியில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை. அவர்களும் இதைப்போன்ற ஏதோ ஒரு மண்டபத்தில் சோற்றுப் பருக்கையைக் கூட்டித்தான் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி வெள்ளம்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்து மழை விடவில்லை. தண்ணீர் சாலைக்கு வந்தது, வாசலுக்கு வந்தது, பிறகு சோபாவின் மேல் வந்தது. அம்மாவும் தம்பியும் நானும் மாடிக்கு ஏறினோம். அப்பா லோரியோடு வெளியே மாட்டிக்கொண்டார். மின்சாரம் போய்விட்டது. கைப்பேசியின் மின்கலத்தைக் காப்பாற்ற, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தோம். கூரை மேல் நின்று கையசைத்தவர்களை நாங்களே பார்த்தோம். முகம் தெரியாத தன்னார்வலர்கள் படகில் வந்து ஆட்களை ஏற்றிச் சென்றார்கள்.

எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு தொடங்க இரண்டரை மாதம்தான் இருந்தது. அந்த ஆண்டுத் தேர்வு 2022 மார்ச் 2இல் தொடங்கியது. என் குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் கீழே, சாப்பாட்டு மேசையில் இருந்தன.

தண்ணீர் வடிந்ததும் தெரு முழுக்கச் சேறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தை, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி என மலைபோல் குவியல். அப்போது புலனத்தில் சென்சேயின் செய்தி வந்தது: "புதன் வகுப்பு உண்டு. கராத்தே உடை வேண்டாம். பழைய சட்டை, பூட்ஸ், மண்வெட்டி." வந்தவர்கள் வீடு வீடாகப் போனோம். அந்த வேலைக்கு வரிசை கிடையாது. பழுப்பு பெல்ட் பதினைந்து வயதுப் பெண்ணும் வெள்ளை பெல்ட் தாத்தாவும் சேர்ந்து சேறு அள்ளினார்கள். வகுப்பில் இருக்கும் மலாய்க்கார அக்கா ஒருவர் சுபாங்கிலிருந்து வந்து, தம் தம்பியின் பயிற்சி நூல்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாதிப் பக்கங்களில் விடைகள் ஏற்கெனவே எழுதியிருந்தன. அதுவும் உதவியது.

எங்கள் பயிற்சிப் பாய்களில் பெரும்பாலானவை ஊறி நாறிப் போயின. வகுப்பை மூடிவிடுவார்கள் என்றே நினைத்தோம். அதற்கு முன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பலர் விலகியிருந்தார்கள். இதற்குப் பிறகு வீட்டைச் சரிசெய்யவே பணமில்லாத பெற்றோரிடம் மாதக் கட்டணம் எப்படிக் கேட்பது? சில மாதங்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சென்சே சொல்லிவிட்டார். மிஞ்சிய பாய்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு விரித்தோம். பெரியவர்கள் வெறும் தரையில் நின்றோம்.

தேர்வு வரை நான் ஞாயிறை விட்டுவிட்டுப் புதன் மட்டும் போனேன். "பொம்பளப் பிள்ளை, இந்த நேரத்துல அது தேவையா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். என்னோடு சேர்ந்து வளர்ந்த ஏழு பெண்களில், படிவம் 5 முடியும்போது இருவர்தான் மிஞ்சினோம். டியூஷன், வீட்டில் எதிர்ப்பு, உடம்பு வளரும்போது வெள்ளை உடையில் வரும் கூச்சம் என்று காரணங்கள் பல. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கூச்சம்தான் காரணம் என்றால் பெண் பயிற்றுநரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வது போன்ற சின்ன ஏற்பாடே போதும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது என்பதற்காகச் சேரலாமா என்று தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. சேரலாம். ஆனால் படிவம் 4இல் சேர்ந்துவிட்டு, ஓராண்டில் கறுப்பு பெல்ட் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். வாரம் இருமுறை ஒழுங்காகப் போனாலும் சில ஆண்டுகள் ஆகும் வேலை அது. சேருமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சின்னப் பிள்ளை அழுதால் அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தற்காப்புக்குத்தான் வருகிறேன் என்றால், நல்ல பயிற்றுநர் முதலில் கத்தவும் ஓடவும் சொல்வார்.

கத்துவது சுலபமில்லை. இப்போது ஞாயிறு காலையில் நான் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. குத்தின் முடிவில் எழ வேண்டிய 'கியாய்' என்ற குரல் அவளிடமிருந்து வரவே இல்லை. அதட்டிப் பார்க்காமல், அவள் பக்கத்தில் நின்று நானே கத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் குரலுக்குள் இன்னொரு மெல்லிய குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

அப்பா இப்போது நீல பெல்ட்டுக்குத் தயாராகிறார். நடுவில் நோய்த்தொற்றும் வெள்ளமும் தின்ற காலம் போக, மெதுவாகத்தான் ஏறி வருகிறார். மருந்து இன்னும் நிற்கவில்லை, அளவு குறைந்திருக்கிறது. ஹெயான் யொண்டான் என்ற காத்தாவில் ஒற்றைக் காலில் நின்று பக்கவாட்டில் உதைக்கும் இடத்தில் அவர் முட்டி ஒத்துழைப்பதில்லை. தேர்வு அடுத்த மாதம். அவர் பக்கத்தில் நின்று அதே தேர்வை எழுதப்போவது, அன்று பெல்ட் கட்டிவிட்ட பையனின் தம்பி. அண்ணன் எப்போதோ பழுப்புக்குப் போய்விட்டான்.